அத்தை திருகோணமலைக்கு வந்த பிறகு

ஏப்ரல் 15 ஆகிவிட்டால் வேதாரண்யம் பக்கம் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். மீன்பிடித் தடைக்காலம், மொத்தம் 61 நாள். மீன் விற்கிற விலையைச் சொல்லி என் நாத்தனார் போனில் அலுத்துக்கொள்வது அந்த மாதங்களில்தான். இங்கே திருகோணமலையில் அப்போதுதான் கடல் அடங்கி மீன் மலியும். இலங்கையின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடுவதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள்கூட வலையும் படகுமாக இந்தக் கரைக்கு வந்து வாடி, அதாவது கடற்கரைக் குடிசை, போட்டுத் தங்குவார்கள். "ரெண்டும் ஒரே வங்கக் கடல்தானே, உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று நாத்தனார் கேட்டால் அத்தை போனை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். கடலைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் அவரை விட்டால் ஆள் இல்லை.

அத்தை என் மாமியார். 2018 நவம்பர் 16 பின்னிரவில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அவர் வளர்த்த தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவருக்குத் திருகோணமலையை ஒட்டிய சீனக்குடாவில் ஒப்பந்த வேலை கிடைத்ததும் அத்தையைத் தனியாக விட்டுவிட்டு வர எங்கள் இருவருக்கும் மனசில்லை. "கடல் தாண்டி வந்து நான் என்னடா செய்யப் போறேன்" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் பேத்தி கேட்டாள் என்பதற்காகக் கிளம்பினார்.

உப்புவெளியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முற்றத்தில் காய்க்கிற தென்னை நிற்கிறது. அத்தை முதல் நாள் செய்தது, அந்த மரங்களின் அடியைச் சுற்றிப் பாத்தி வெட்டியதுதான். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தானே ஒரு மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

சமையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மீன் குழம்பில் புளிதான் ராஜா. இங்கே வறுத்த கறித்தூள், ரம்பை இலை, இறக்கும் நேரத்தில் முதற்பால். தேங்காய் இல்லாமல் இங்கே அடுப்பே எரியாது என்று தோன்றும்: காலையில் சம்பல், இரவில் இடியப்பத்துக்குச் சொதி. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் சுறா வறை கொண்டுவந்தார். அத்தை ருசி பார்த்துவிட்டு, அடுத்த வாரம் சுறா வாங்கி, பூண்டு தூக்கலாக நம்மூர் சுறாப்புட்டு செய்து அதே கிண்ணத்தில் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அந்தக் கிண்ணம் எந்த வீட்டுச் சொத்து என்று யாருக்கும் தெரியாது. பால் விஷயம்தான் எனக்குச் சிரமமாக இருந்தது, ஏனென்றால் கடைகளில் டீ பெரும்பாலும் பால்மாவில்தான், அதாவது பால் பவுடரில்தான், போடுகிறார்கள். ஆனால் கிண்ணியாப் பக்கமிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர் இருக்கிறதே, அகப்பையால் வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் தயிரில் பிசைந்த சோற்றைச் சாப்பிட்ட பிறகு எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

விடுமுறை நாள் காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்கு அத்தையும் மகளும் போய்விடுவார்கள். நானும் பல முறை கூடப் போயிருக்கிறேன். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, குதிகாலை மணலில் புதைத்து, பின்னோக்கி நடந்தபடி இழுப்பார்கள். கரைக்கு வந்த கயிற்றை ஒருவர் வட்டமாகச் சுருட்டிக்கொண்டே இருப்பார். நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் பக்கம் பக்கமாக வந்துவிடும், பேச்சு நின்றுவிடும். மடி கரையேறும்போது உள்ளே சூடை மீன் துடிக்கிற சத்தம் மழை போலக் கேட்கும். என் மகள் கயிற்றின் வால் பக்கத்தைப் பிடித்து இழுப்பாள். அவள் பலத்தால் வலைக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனாலும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இரண்டு கை மீனை அள்ளிப் பையில் போட்டு, "இந்தா பிள்ளை, கறிக்குக் கொண்டு போ" என்பார். கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு உண்டு. அதை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, இங்கே படித்தாள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை என்றால் கோணேசர் கோயில். கோட்டை வாசலைத் தாண்டி மேலே ஏறும் வழியில் புள்ளிமான்கள் பயமே இல்லாமல் நிற்கும். சில நாள் மாலையில் ஊருக்குள் தெருவுக்கே வந்துவிடும். அத்தை வாரம் முழுக்கச் சேர்த்த வாழைப்பழத் தோலை அவற்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சந்நிதிக்குப் போவார். சம்பந்தர் எங்கள் திருமறைக்காட்டையும், அதாவது வேதாரண்யத்தையும், பாடியிருக்கிறார், இந்தக் கோணமலையையும் பாடியிருக்கிறார். அத்தைக்கு ஊர்ப் பதிகம் மனப்பாடம். இந்தப் பதிகத்தைப் பேத்தியோடு உட்கார்ந்து, அவள் வாசிக்க இவர் திருப்பிச் சொல்லி, இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்டார்.

நவம்பர்தான் கஷ்டமான மாதம். மழை பிடித்தால் விடாது, உப்புவெளி விடுதிகளில் ஆள் இருக்காது, கடல் இரைச்சல் படுக்கை வரைக்கும் வரும். காற்று கொஞ்சம் ஓங்கினாலும் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவார். என் கணவர் எவ்வளவு சொன்னாலும் படுக்க மாட்டார். போன வருடம் அப்படி ஒரு இரவில் பக்கத்து வீட்டு அக்கா குடை பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தாராம். "அம்மா, எனக்கும் நித்திரை வரேல்ல" என்று உட்கார்ந்தவர், 2004 டிசம்பர் 26ஆம் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தக் காலை இந்தக் கரைக்கும் வந்தது, எங்கள் நாகைக் கரைக்கும் வந்தது. யார் யாரைத் தேடினோம், எங்கே கிடைத்தார்கள், யார் கிடைக்கவே இல்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். நான் இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். இத்தனை வருடம் மருமகளாக இருந்தும், அத்தை தன் தம்பியைத் தேடி அலைந்த கதையை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.

கணவரின் ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நாங்கள் இருவரும் ஏறக்குறைய முடிவு செய்திருந்தோம். அத்தைதான், "பாப்பா பரீட்சை முடியட்டும், இன்னும் ரெண்டு வருஷம் கேட்டுப் பாருடா" என்றார். கேட்டார், கொடுத்துவிட்டார்கள். விசாவைப் புதுப்பிக்க அடுத்த வாரம் இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறோம். அத்தை வரவில்லையாம். தேங்காய் பறிக்க ஆள் வருகிறாராம்.