வேலூர் ரோட்டில் தினமும் ஓட்ட: மடக்கு டாப் இசட்4-ஆ, டிடி கூப்பேயா?

பழைய ரோட்ஸ்டர், அதாவது டாப் திறக்கும் இரண்டு சீட் கார், வாங்கலாமா என்று தேடினால் வெளிநாட்டு ஆலோசனைகள் எல்லாம் மஸ்டா எம்எக்ஸ்-5-இல் போய் நிற்கும். அந்தக் கார் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கே வரவில்லை. எடை குறைவு, துணி டாப், எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம் என்று அவர்கள் சொல்லும் நியாயமெல்லாம் அந்தக் காருக்குத்தான் பொருந்தும். நமக்குக் கையில் கிடைப்பது 2009 முதல் 2016 வரை தயாரான பிஎம்டபிள்யூ இசட்4, அதாவது இ89 மாடல், அப்புறம் மெர்சிடிஸ் எஸ்எல்கே, அபூர்வமாக ஒரு போர்ஷே பாக்ஸ்டர். கூப்பே, அதாவது கூரை திறக்காத இரண்டு கதவு கார் பக்கம் ஆடி டிடியும் ஃபோர்டு மஸ்டாங்கும். மஸ்டாங் 1.9 மீட்டருக்கு மேல் அகலம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருக்களை நினைத்துப் பார்த்தவுடன் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கடைசியில் மிஞ்சும் ஜோடி, இசட்4 35ஐ-யும் 2015-இல் இங்கே வந்த மூன்றாம் தலைமுறை டிடியும்.

காரைப் பார்க்கும் முன் ரோட்டை அளக்க வேண்டும். இந்தியச் சாலை காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம். இரண்டு கார்களுக்கும் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) ஏறக்குறைய 2.5 மீட்டர், அந்த அளவில் கட்டிய பிரேக்கர் என்றால் வண்டி முழுதாக மேலே ஏறி மெதுவாக இறங்கிவிடும். அடி வாங்குவது, சத்துவாச்சாரி உள்தெருக்களிலும் காட்பாடிப் பக்கம் காலனிகளிலும் யாரோ ஒருவர் ஒரு தட்டு சிமெண்டைக் கொட்டி எழுப்பிய ஒன்றரை அடி அகல மேடுகளில்தான். அங்கே முன் சக்கரம் தாண்டியதும் வண்டியின் நடுவயிறு மேட்டின் மேல் நிற்கும். ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு, டேங்க் நிரப்பி, இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு தரைக்கும் அடியில் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிரசுரத்தில் போட்டிருக்கும் எண் காலி வண்டியின் கணக்கு. ஆள் ஏறினால் குறையும்.

அதைவிடப் பெரிய வில்லன் வீட்டு ரேம்ப். நம் ஊரில் சாக்கடை மேல் பாலம் போல் கட்டி, தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஒரே தூக்காக ஏற்றிவிடுகிறோம். 30 செ.மீ. உயரத்தை 1.2 மீட்டர் நீளத்தில் ஏற்றினால் சரிவு 14 டிகிரி. ஸ்கூட்டருக்கும் ஆல்ட்டோவுக்கும் அது ஒரு பொருட்டில்லை. மூக்கு நீண்ட ஸ்போர்ட்ஸ் காரின் பம்பர் உதடு சக்கரத்துக்கு முன்பே மோதிவிடும். அதே உயரத்தை 2.4 மீட்டரில் ஏற்றினால் 7 டிகிரிதான். தெருவை ஆக்கிரமித்துச் சிமெண்ட் போட வேண்டாம். கழற்றி மாட்டும் இரும்புத் தகடு இரண்டு அடித்து வைத்துக்கொண்டால் போதும். இந்த விஷயத்தில் இசட்4 இன்னும் கொஞ்சம் கஷ்டம். ஓட்டுபவர் கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் மேல் உட்கார்கிறார். பானெட் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

அடுத்தது டாப்பைத் திறந்து ஓட்டும் நேரம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி தொடங்கி ஆவணி வரை காலை 8 மணிக்கு மேல் திறந்தால் தலை வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தை, மாசியில் விடியற்காலையும் மாலை 6 மணிக்கு மேலும் அருமையான நேரம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தினமும் ஓட்டுவது என்றால் அந்த நேரத்தில் நீங்கள் கிரீன் சர்க்கிளில் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் நிற்பீர்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் டாப்பைத் திறந்து ஏறுவது வேறு கதை. அது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளெல்லாம் இசட்4 என்பது அலுமினியக் கூரையையும் அதற்கான ஹைட்ராலிக் இயந்திரத்தையும் சுமந்துகொண்டு ஓடும் கூப்பேதான்.

டிக்கியைப் பார்த்தாலே இது விளங்கும். இசட்4-இல் டாப் மூடியிருந்தால் 310 லிட்டர், மடக்கிவிட்டால் 180. டிடியில் எப்போதும் 305, பின் சீட்டைச் சாய்த்தால் 712. பார்க்கப் போகும்போது காலி தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துப் போங்கள். லிட்டர் கணக்கு சொல்லாததை 20 லிட்டர் கேன் சொல்லிவிடும். டிடியின் பின் சீட்டைப் பற்றி யாரும் ஏமாற வேண்டாம்: 145 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது இல்லை என்று கம்பெனியே சொல்கிறது, கண்ணாடி நேராகத் தலைக்கு மேல் வருகிறது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, ஒரு பை என்றால் சமாளிக்கும். இசட்4-இல் மூன்றாவது ஆளுக்குப் பேச்சே இல்லை.

ரோட்ஸ்டரையே பார்ப்பது என்றால், முதலில் தண்ணீர். இங்கே கார் நிற்பது பெரும்பாலும் வேப்பமரத்தடியில் அல்லது ரோட்டோரப் புளியமரத்தடியில். புளிய இலையும் சித்திரையில் கொட்டும் வேப்பம்பூவும் அளவில் பொடிசு. டாப்பைச் சுற்றியுள்ள வடிகால் ஓட்டைகளுக்குள் நேராக இறங்கிச் சேறாகிவிடும். வடிகால் அடைத்தால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். பேட்டரியும் டாப்பின் ஹைட்ராலிக் பம்பும் அங்கேதான். இதற்கு முந்தைய இசட்4-ஆன இ85 துணி டாப் மாடலில் டாப்பை இயக்கும் மோட்டார் மூழ்கிச் செத்தது உலகம் அறிந்த நோய். சோதிப்பது எளிது: டாப்பின் ஓரத்து வாய்க்காலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் எவ்வளவு சீக்கிரம் சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் தடவி, முகர்ந்து பார்க்க வேண்டும். ஷாம்பு வாசனை பலமாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

டாப்பை எஞ்சின் ஓடும்போது மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். நல்ல நிலையில் சுமார் 20 வினாடி. பாதியில் நின்றால் பேட்டரி பலவீனம், மைக்ரோ ஸ்விட்ச், அல்லது டிக்கி மூடியின் கீல் பக்கம் வளைந்து வளைந்து அறுந்த ஒயர், இந்த வரிசையில் தேட வேண்டும். டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் தட்டு சரியாகப் பொருந்தாவிட்டாலும் டாப் திறக்காது. இது கோளாறே இல்லை, ஆனால் இதைச் சொல்லியே சில ஆயிரம் விலை குறைக்கலாம். பேட்டரி மாற்றியிருந்தால், வண்டியின் கம்ப்யூட்டரில் புது பேட்டரி என்று பதிந்தார்களா என்று கேளுங்கள். பதியாவிட்டால் சார்ஜ் ஆகும் முறை தப்பாகி, புது பேட்டரியும் சீக்கிரம் போகும்.

எஞ்சினுக்கு இரண்டு தடவை போக வேண்டும். ஒன்று காலை 6 மணி. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். கும்பிடு போட்டுவிட்டு வேறு நாள் வாருங்கள். இசட்4 35ஐ-யில் இருப்பது என்54 என்னும் 3 லிட்டர், இரட்டை டர்போ, 306 குதிரை எஞ்சின். ஓடும்போது அதற்கு ஈடில்லை. குளிர்ந்த எஞ்சின் நெடுநேரம் சுற்றிச் சுற்றி ஸ்டார்ட் ஆனால் உயர் அழுத்த பெட்ரோல் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மேல் பொறித்த இண்டெக்ஸ் எண் 12 என்றால் கடைசியாகத் திருத்திய வகை. அதற்குக் கீழ் இருந்தால் ஆறு இன்ஜெக்டருக்கும் பணம் ஒதுக்குங்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது முன்பக்கம் சில்லறை குலுக்கும் சத்தம் கேட்டால் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் தேய்ந்திருக்கிறது. எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும். மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. மாற்றும்போது அதன் அலுமினிய போல்ட்டுகளைத் திரும்பப் போடக்கூடாது, புதிதாக வாங்க வேண்டும். ஆயில் குச்சி கிடையாது. எஞ்சின் சூடான பிறகு திரையில்தான் அளவு தெரியும். ஆயில் 6.5 லிட்டர் பிடிக்கும்.

இரண்டாவது தடவை மதியம் 2 மணி, ஏசி போட்டு, நெரிசலில் அரைமணி நேரம். டிடிக்கு இதுதான் முக்கியம். அதன் 6 கியர் இரட்டை கிளட்ச் பெட்டி குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்; கியரை மாற்றிவிடும் மெக்காட்ரானிக் பாகத்தின் கோளாறு சூட்டில்தான் முகம் காட்டும். ரயில்வே மேம்பால ஏற்றம் மாதிரி ஓர் இடத்தில், நெரிசலில்லாத நேரமாகப் பார்த்து, நிறுத்தி மெதுவாக நகர்த்துங்கள். பிறகு ரிவர்ஸில் ஒரு ரேம்ப் ஏற்றுங்கள். நடுக்கமோ இடியோ இருக்கக்கூடாது. கியர் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும் குவாட்ரோ அமைப்பில், பின் சக்கரங்களைச் சேர்க்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச்சின் ஆயில் ஒரு லிட்டர்கூட வராது, அதனாலேயே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. அந்தச் சின்ன பம்பைக் கழற்றி அதன் சல்லடையைக் கழுவ வேண்டும். அடைத்த சல்லடைதான் பம்பைக் கொல்கிறது. எஞ்சினில் பார்க்க வேண்டியது வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் இருக்கும் பிளாஸ்டிக் கூடு. கூலண்ட் மெதுவாகக் குறைந்து, அந்தப் பக்கம் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது. இந்த டிடியில் கவலைப்பட வேண்டிய பட்டியல் இவ்வளவுதான். என்54-க்கு எழுதியதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டிங்கரிங் வேலை பார்க்கக் காந்தத்தோடு போனால் இரண்டு காரிலும் ஏமாறுவீர்கள். இசட்4-இன் பானெட்டும் டாப்பும், டிடியின் பானெட், கதவு, கூரை, டிக்கி மூடியும் அலுமினியம். காந்தம் ஒட்டவே ஒட்டாது. இரும்பு, அலுமினியம் இரண்டின் மேலும் பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வேண்டும். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். 300-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்க வாய்ப்பு அதிகம்.

டயர் கணக்கு தினசரி ஓட்டத்தில் பெரிய கணக்கு. இசட்4-இல் 18 அங்குல வீலுக்கு முன்னால் 225/40, பின்னால் 255/35. முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. ஸ்டெப்னி இல்லை, ரன்பிளாட் டயர். காற்று இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் போகலாம் என்பது அதன் கணக்கு. வேலூரிலிருந்து கிளம்பினால் அது காஞ்சிபுரம் திருப்பத்தைத் தாண்டியதும் தீர்ந்துவிடும். சென்னை இன்னும் அறுபது கி.மீ.க்கு மேல். டிடியில் நாலும் 245/40 ஆர்18. பக்கச் சுவர் 98 மி.மீ., இசட்4-ஐவிட 8 மி.மீ. அதிகம். பள்ளத்தில் விழும்போது வீல் வளையாமல் காப்பாற்றுவது அந்த எட்டுதான். ஆனால் குவாட்ரோவில் ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாகப் போடாதீர்கள்; சுற்றளவு மாறினால் ஹால்டெக்ஸ் கிளட்ச் ஓயாமல் வேலை செய்யும். வழியில் நின்றால் இரண்டையும் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியின் நம்பரைப் போனில் முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சீட் தோல் விஷயத்தில் மட்டும் நம் பகுதிக்குக் கொடுப்பினை உண்டு. டாப் திறந்து வெயிலில் நின்ற ரோட்ஸ்டரின் தோல் மேல் பூச்சு பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் வேலை தெரிந்தவரை அழைத்துக் காட்டினால், வெடித்தது பூச்சா, தோலே காய்ந்துவிட்டதா என்று விரலால் அழுத்தியே சொல்லிவிடுவார். பூச்சு என்றால் திரும்ப நிறம் ஏற்றலாம். தோல் என்றால் சீட்டைப் பிரிக்க வேண்டும். ஏர்பேக் உள்ள சீட்டுக்குச் சாதாரண உறை தைத்துப் போடுவது ஆபத்து, ஏர்பேக் அந்தப் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டு திறக்க வேண்டியது.

எடை போட்டுப் பார்த்ததில் தினசரிக்கு டிடி. வீட்டில் இன்னொரு கார் இருந்து, நிழலான ஷெட்டும் இருந்தால் மட்டும் இசட்4. அதன் எஞ்சினுக்காக மனசு அடித்துக்கொள்ளும், அதற்கு மருந்தில்லை.

இந்த ரகக் கார்கள் பெரும்பாலும் கர்நாடகத்தின் கேஏ, புதுச்சேரியின் பிஒய் நம்பரில்தான் வரும். பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30, கடன் இருந்திருந்தால் படிவம் 35-உடன் வங்கிக் கடிதம், புது டிஎன் நம்பருக்குப் படிவம் 27. வண்டி வயதுக்கு ஏற்ப நம் ஆயுள் வரி தனி. வேலூர் டிஎன்-23, ராணிப்பேட்டை டிஎன்-73, உங்கள் முகவரி எதற்குள் வருகிறதோ அங்கே வரித் தொகையைக் கேட்டு, விலை பேசும் முன்பே கூட்டிக்கொள்ளுங்கள். 2010, 2011 மாடல் இசட்4 என்றால் ஆர்.சி.யின் 15 ஆண்டு முடிகிற நேரம் அல்லது முடிந்தே போயிருக்கும். படிவம் 25-இல் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தாரா என்று பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

இரண்டாவது சாவி இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். "வீட்டில் இருக்கிறது சார், அனுப்புகிறேன்" என்று புரோக்கர் சொன்னால், சாவி வரும் வரை புதுச் சாவி செய்து கோடிங் போடும் செலவைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.