துணிப்பையை 7,100 முறை பயன்படுத்த வேண்டுமா?

'துணிப்பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பையை விட நல்லது' என்ற செய்தி மறுபடியும் சுற்றி வருகிறது. அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில் உள்ளது அது. பல அளவுகோல்களில் மிக மோசமாக வந்த ஒன்றை, அதாவது ஓசோன் படலப் பாதிப்பை, வைத்து வந்த எண். அதே ஆய்வில் பருவநிலை மாற்றத்தை மட்டும் பார்த்தால் 52 முறை போதும்! பிரிட்டன் 2011-ல் வெளியிட்ட ஆய்வோ 131 முறை என்கிறது. அவர்கள் துணிப்பையை ஒப்பிட்டது மெல்லிய பிளாஸ்டிக் பையோடு, டென்மார்க்கில் ஒப்பிட்டது கனமான பிளாஸ்டிக் பையோடு. எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறினாலே விடையும் மாறிவிடுகிறது.

அப்புறம், தரவு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உற்பத்திக்கான தரவுகளை ஐரோப்பாவில் பெரும்பாலும் தருவது உற்பத்தியாளர்களின் சங்கமான பிளாஸ்டிக்ஸ் யூரோப். அதனாலேயே அவை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆலைக்குள் நடப்பதை அவர்களைத் தவிர வேறு யாரால் அளக்க முடியும்? ஆனால் பருத்திக்கு அப்படி ஒரே இடம் கிடையாது. தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாமே வயலுக்கு வயல் மாறும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் பை செய்யும் கேடு இந்த இரண்டு ஆய்வுகளின் கணக்கிலும் இல்லை. மாட்டின் வயிற்றில் கிடக்கும் பைக்கு அங்கே எண்ணே கிடையாது.