பெரட்டும் வருகைப் பதிவேடும்

மலேசியாவில் நம் ரப்பர் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் காலமான செய்தி மெல்பர்னில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நம் பழைய மாணவர் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டு வெகுநாளாகிறது. இப்போது டீச்சரைப் பற்றித்தான் எழுத வருகிறது.

வேலைக்கு வந்தவர்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டு நம் எல்லாருக்கும் தெரியும். அப்பாவோ அம்மாவோ வராவிட்டால் தோட்டத்துக் கணக்கரான கிராணி குறித்துக்கொள்வார், அன்றைய சம்பளம் போய்விடும். பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? தம்பி தங்கையைப் பார்க்க, ரப்பர் பால் வடியும் மங்கு துடைக்க, அதில் உறைந்த கட்டிப்பால் பொறுக்க என்று நின்றுவிடுவோம். தைப்பூசத்துக்கு ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால் அந்த வாரமே போச்சு. பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒருநாள் கூலி குறைந்தால் அடுப்பில் என்ன குறையும் என்று பார்த்து வளர்ந்தவன் நான்.

டீச்சருக்கு மட்டும் அது நட்டமாகப் பட்டது. பெயர் கூப்பிடும்போது பதில் வராத இடத்தில் பேனா நின்றுவிடும். "ஏன் வரல?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்பார். மாலையில் குடையோடு நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்துவிடுவார். திட்ட மாட்டார். "நாளைக்கு அனுப்பி வைங்கம்மா, பின்னம் நடத்துறேன்" என்பார்.

1976-இல் அந்தப் பின்னம் நடந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இரண்டு நாள் வரவில்லை. வந்த அன்று கரும்பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினான். வகுப்பே சிரித்தது. "அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா, அரையை விடக் கொறையுமாய்யா?" என்று டீச்சர் மெதுவாகத்தான் கேட்டார். ஓய்வு நேரத்தில் அவனை அருகில் உட்கார வைத்து, ஒரு தாளை மூன்றாகவும் பிறகு பாதியாகவும் மடித்து விரித்தார். ஆறு கட்டம். அரைக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு. ஆறில் ஐந்து! அன்று அது புரியாமல் போயிருந்தால் அடுத்து வந்த தசமமும் விழுக்காடும் அவனுக்கு ஏறியே இருக்காது.

பிறகு பட்டணத்தில், தமிழ்ப் பள்ளி முடித்தவர்கள் இடைநிலைப் பள்ளிக்கு முன் படிக்கும் புகுமுக வகுப்பு, எல்லாம் மலாயில். அங்கே அவன் வராத நாள்களைத் தேடி யாரும் லயத்துக்கு வரவில்லை. முதலில் வாரத்தில் ஒருநாள் நின்றான், அப்புறம் ஒரேயடியாக நின்றுவிட்டான். நான் தொடர்ந்து போனேன். அவனைவிட நான் கெட்டிக்காரன் இல்லை. எங்கள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்கப் பாட்டி இருந்தார், அதுதான் வித்தியாசம்.

2003 முதல் மலேசியாவில் ஆரம்பக் கல்வி சட்டப்படி கட்டாயம். மிக நல்லது. ஆனாலும் பெயர் பதிந்த பிள்ளை தினமும் வந்து உட்கார, யாராவது தினமும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

டீச்சர் நினைவாக நிதி திரட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். முதல் மதிப்பெண்ணுக்குக் கோப்பை வேண்டாம். பள்ளி வேனுக்குக் காசு இல்லாத பிள்ளைக்கு அதைக் கட்டுங்கள், என் பங்கை அனுப்புகிறேன். வராத பிள்ளையின் வாசலில் போய் நிற்க மட்டும் இங்கிருந்து என்னால் முடியாது. ஊரிலேயே இருந்திருக்கலாமோ என்று இந்த வயதில் அடிக்கடி தோன்றுகிறது. பினாங்கில் இருக்கும் நம்மவர் யாராவது அந்த வேலையை ஏற்றுக்கொண்டால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.