பதில் எங்கே முடிகிறது? நிலைத்த இணைப்பு வினாவுக்குத் தயாராகும் முறை

கோணேசபுரி வளாகத்திலோ திருகோணமலை நகரிலோ வலையமைப்புப் பாடம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. நிலைத்த இணைப்பு (ஒரே இணைப்பை மூடாமல் பல கோரிக்கைகளுக்குப் பயன்படுத்துவது) என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் எழுதிவிடுகிறீர்கள். பழைய பிரவுசர்களும் சேர்வர்களும் அதில் ஏன் முட்டிக்கொண்டன என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. அப்போது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பதில் எங்கே முடிகிறது என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்?

பிரவுசரும் சேர்வரும் பேசும் விதிமுறையான எச்.டி.டி.பி.யின் 1.0 பதிப்பில் (இணைய விதி ஆவணம் ஆர்.எஃப்.சி. 1945, மே 1996) சேர்வர் இணைப்பை மூடினால் பதில் முடிந்துவிட்டது. நீளத்தை எண்ணாமலே காலம் தள்ளலாம். இணைப்பை மூடாதே என்று கேட்கும் கீப்-அலைவ் அதன்மேல் பிறகு ஒட்டிய ஏற்பாடு. 1997 ஜனவரியில் வந்த 1.1 இல் (ஆர்.எஃப்.சி. 2068) இணைப்பைத் திறந்து வைப்பதே வழமையானது. மூடாவிட்டால் நீளத்தைச் சொல்லியாக வேண்டும், அல்லது துண்டு துண்டாக அளவிட்டு அனுப்ப வேண்டும்.

எண்ணிக்கை பிழைத்தால் நடப்பதை நம் ஊர்ப் பெயரிலேயே பாருங்கள். ‘திருகோணமலை’ கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறி, யூ.டி.எஃப்.-8 இல் 30 பைட். பதிலின் நீளத்தைப் பைட்டில் சொல்லும் கொன்டென்ட்-லெங்த் வரியில் நிரல் 10 என்று போட்டால் பிரவுசர் ‘திர’ என்பதையும் உடைந்த ஒரு குறியையும் காட்டி நிறுத்திவிடும். மிச்சம் 20 பைட் அதே இணைப்பில் அடுத்த பதிலின் முதல் வரியாகப் போய் விழும். 1.0 காலத்துப் பழக்கத்தில் எழுதிய நிரல்கள் இங்கேதான் சறுக்கும்.

ப்ரொக்ஸி (பிரவுசருக்கும் சேர்வருக்கும் நடுவில் நிற்கும் இடையாள்) சிக்கலை, பிரவுசர், ப்ரொக்ஸி, சேர்வர் என மூன்று பெட்டி வரைந்து விளக்குங்கள். படமில்லாமல் எழுதினால் குழம்பும். கீப்-அலைவ் என்று எழுதும் கனெக்ஷன் ஹெடர் (செய்தியின் தலைப்பு வரி) அடுத்த கண்ணிக்கு, அதாவது பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் உரியது. அது புரியாத பழைய ப்ரொக்ஸி, பிரவுசர் அனுப்பிய ‘கீப்-அலைவ்’ வரியை அப்படியே சேர்வருக்குத் தள்ளிவிடும். சேர்வர் ப்ரொக்ஸிதான் கேட்டது என்று நம்பி இணைப்பை மூடாது. ப்ரொக்ஸியோ மூடும்வரை காத்திருக்கும். நேரம் காலாவதியாகும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உதாரணம் கேட்டால் பெயரோடு எழுதுங்கள். விண்டோஸில் ஓடிய நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, சும்மா கிடந்த இணைப்பைச் சேர்வர் மூடியதும் தடுமாறியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4.0 இன் இரண்டாம் பீட்டா 301, 302 திசைதிருப்பலில் பிழைத்தது. அதனால் அப்பாச்சி என்ற சேர்வர் மென்பொருளின் அமைவுக் கோப்பில் இவற்றின் பெயரைப் பார்த்துக் கீப்-அலைவை நிறுத்தும் வரிகள் இருந்தன. சில பிரவுசர்கள் போஸ்ட் (தரவைச் சேர்வருக்கு அனுப்பும்) கோரிக்கைக்குப் பின் ஒரு வெற்று வரியைக் கூடுதலாக அனுப்பின. இணைப்பு திறந்திருந்தால் அது அடுத்த கோரிக்கையின் தலையில் ஒட்டும். கோரிக்கைக்கு முன் வரும் வெற்று வரியைச் சேர்வர் பொருட்படுத்தக் கூடாது என்ற விதியின் காரணம் இதுதான்.

செய்முறை இல்லாமல் இதெல்லாம் மனதில் நிற்காது. லினக்ஸ் மடிகணினியில் அப்பாச்சி 2.4 ஐ நிறுவி, டெல்நெட்டில் 80 ஆம் போர்ட்டைத் திறந்து கோரிக்கையைக் கையால் அனுப்புங்கள். 1.0 என்றால் பதில் வந்த கையோடு மூடும். 1.1 என்றால் பதில் வந்தபின் 5 செக்கன் திறந்திருந்து மூடும். 1.1 இல் தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் வரியை மறந்தால் 400 (கோரிக்கை பிழை) வரும்.

கணக்கு வினா: ஒரு பக்கம், 10 படம், அனுப்பும் நேரம் புறக்கணிக்கத்தக்கது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் புது இணைப்பு என்றால் 22 சுற்றுப்பயண நேரம் (ஒரு செய்தி போய்ப் பதில் திரும்பும் நேரம்). நிலைத்த இணைப்பில் 12, பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பும் பைப்லைனிங்கும் இருந்தால் 3. இணைப்பை ஏற்படுத்தும் அந்த முதல் ஒன்றை விட்டுவிட்டு 11 என்று எழுதாதீர்கள்.