வேர் எங்கே?

என் முதல் மாநாட்டுக்கு நான் கொண்டுபோனது ஒரு போஸ்டர். பிராகோனிடே குடும்பத்து ஒட்டுண்ணிக் குளவிகளில் ஒரு பேரினம், அதில் 22 இனங்கள், அவற்றில் எது எதற்கு நெருங்கிய உறவு என்று மரபணு வரிசைகளை வைத்து நான் வரைந்த பரிணாம மரம். 3 மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சிகளுக்காக நான்கு ஆண்டுகள் போயிருந்தன. மரத்தின் அடியில் ஓர் இனம் மட்டும் தனித்து நின்றது. அதுதான் மற்றவற்றிலிருந்து முதலில் பிரிந்த இனம் என்று எழுதி, அந்தக் கணுவுக்கு (கிளை பிரியும் இடத்துக்கு) நூற்றுக்கு 98 என்று கிடைத்த ஆதரவு மதிப்பைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

பெரிய மாநாடுகளில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து அரங்குகளில் உரைகள் நடக்கும். ஓர் உரைக்குக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. புதியவர்கள் கையில் அட்டவணையுடன் அரங்கு அரங்காக ஓடுவார்கள், நானும் ஓடினேன். இரண்டாம் நாளே தலை கனத்துவிட்டது. பழகியவர்கள் பாதி நேரம் வராந்தாவில்தான் நிற்பார்கள். அதைச் சோம்பல் என்று அப்போது நினைத்தேன்.

போஸ்டர் அமர்வில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஏழெட்டுப் பேர் வந்து, தலையசைத்து, நகர்ந்தார்கள். கடைசியாக வந்தவர் ஒன்றும் பேசாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வேர் எங்கே?” என்று கேட்டார். புறக்குழுவைக் காட்டினேன். மரத்துக்கு வேர் வைப்பதற்காக, ஆய்வுக் குழுவுக்கு வெளியிலிருந்து சேர்க்கும் உறவினம் அது. என்னிடம் மாதிரி இல்லாததால் அதன் வரிசையை ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்திருந்தேன். “இதன் கிளை ஏன் இவ்வளவு நீளம்? உங்கள் அடிமரத்து இனத்தின் கிளையும் நீளமாகத்தான் இருக்கிறது” என்றார். கிளை நீளமென்றால் அந்த வரிசை நிறைய மாறியிருக்கிறது என்று பொருள். என்னிடம் பதில் இல்லை. அவர் போன பிறகு அந்த 98ஐப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

எந்த மாநாட்டுக்குப் போகலாம் என்று மாணவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். பரிணாம ஆய்வுச் சங்கம், முறைப்பாட்டு உயிரியலாளர் (உயிரினங்களை உறவு பார்த்து வகைப்படுத்துவோர்) சங்கம், 1883இல் தொடங்கிய அமெரிக்க இயற்கையியலாளர் சங்கம் ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் சேர்ந்து நடத்தும் மாநாடு இருக்கிறது. துறை எந்தப் பக்கம் போகிறது என்று அங்கே தெரியும். சிறந்த மாணவர் உரைக்கு முறைப்பாட்டு உயிரியலாளர் சங்கம் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் பெயரில் பரிசும் தருகிறது. ஐரோப்பியப் பரிணாம உயிரியல் சங்கத்தின் மாநாடு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் சிறிய கூட்டத்துக்குப் போகச் சொல்வேன். உறவை வைத்து வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளமிட்ட பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் பெயரில் 1980இல் தொடங்கிய சங்கத்தின் கூட்டங்கள் காரசாரமான சண்டைகளுக்குப் பெயர்போனவை. நூறு பேர் உள்ள அறையில் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது ஆயிரம் பேர் கூடும் மாநாட்டில் யாருமே கேள்வி கேட்காமல் திரும்புவதைவிட மேல்.

தாவரவியலாளர்களிடம் எனக்கு ஒரு பொறாமை உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் அவர்களுடைய பன்னாட்டு மாநாட்டுக்கு முந்தைய வாரம், பெயரிடல் விதிகளைப் பற்றி உட்கார்ந்து விவாதித்து வாக்களிக்கிறார்கள். புதிய தாவர இனத்துக்கு லத்தீன் விவரிப்பு கட்டாயமில்லை, ஆங்கிலமும் போதும் என்று 2011இல் மெல்பர்னில் முடிவு செய்தது அப்படித்தான். இனவெறிச் சொல்லை அடியாகக் கொண்ட ‘காஃப்ரா’ என்ற அடைமொழியை (தாவரப் பெயரின் இரண்டாம் சொல்லை) ‘அஃப்ரா’ என்று மாற்ற 2024இல் மாட்ரிட்டில் வாக்களித்ததும் அங்கேதான். விலங்கியலில் பெயரிடல் விதிகள் ஓர் ஆணையத்தின் கையில் இருக்கின்றன. இப்படி அறை நிறையக் கை தூக்கும் சுகம் எங்களுக்கு இல்லை.

போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு திரும்பியதும் பயிலரங்குகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன். மூலக்கூறு பரிணாமத்துக்கு அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் 1988 முதல் நடக்கும் பயிலரங்கு இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவில் நடப்பதும் அதற்கு ஈடாகப் பேசப்படுவது. இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம். முதல் முறை நான் எழுதிய கடிதத்தில் என் ஆர்வத்தைப் பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன, இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு பயிலரங்குக்கு அரைப் பக்கம் எழுதினேன்: என் மரத்தில் இரண்டு கிளைகள் சந்தேகத்துக்கு இடமாக இருக்கின்றன, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இடம் கிடைத்தது.

அங்கே பகலில் பாடம், இரவில் கணினி. 10 இனங்களுக்கு மட்டும், இரண்டிரண்டாகக் கிளைக்கும் வேருள்ள மரங்களை 3,44,59,425 விதமாக வரையலாம் என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் பயமுறுத்தினார்கள். பயிற்சிக்காகக் கொடுத்த மாதிரித் தரவை வைத்துக்கொண்டவர்கள் மென்பொருளை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். சொந்தத் தரவோடு வந்தவர்கள்தான் இரவு வெகுநேரம் வரை விழித்திருந்தார்கள். நான்காம் இரவு ஓர் ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்து, “புறக்குழுவை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்” என்றார். ஓட்டினேன். அடிமரத்தில் நின்ற இனம் மற்ற இனங்களின் நடுவே போய் ஒட்டிக்கொண்டது. மீதி அப்படியே இருந்தது.

வேகமாக மாறிய இரண்டு வரிசைகளில் தற்செயலான ஒற்றுமைகள் மிகுந்து, அவை உறவில்லாமலே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க உயிரியலாளர் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1978இலேயே காட்டியிருந்தார். அதைவிட மோசம், அத்தகைய நிலையில் சில முறைகளுக்குத் தரவைக் கூட்டினால் தவறான விடை இன்னும் உறுதியாகும். என் 98 அந்த வகை உறுதி. தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுத்து மரம் வரைந்து அந்த எண்ணைத் தரும் பூட்ஸ்டிராப் முறையை 1985இல் மரங்களுக்குக் கொண்டுவந்தவரும் அதே ஃபெல்சன்ஸ்டைன்தான் என்று ஆசிரியர் சொன்னபோது சிரித்தேன். வேறென்ன செய்வது?

நெருக்கமான புறக்குழு வேண்டும் என்றார்கள். ஆனால் நான் எடுத்ததே நெருங்கிய பேரினம்தானே? அது ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறது? ஜென்பேங்க் பதிவில் சான்று மாதிரியின், அதாவது வரிசை எடுக்கப்பட்ட பூச்சியின், எண் இருந்தது. அந்தப் பூச்சி ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. இதற்கென்று பயண உதவிகள் உண்டு. ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம் தரும் எர்ன்ஸ்ட் மேயர் பயண நிதி அவற்றில் ஒன்று. எனக்குக் கிடைத்தது வேறொரு சிறிய தொகை. பத்து நாட்களுக்குப் போதுமாக இருந்தது.

அங்கே ஓய்வு பெற்ற பிறகும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு நிபுணர் இருந்தார். அவருடைய பதவிக்குப் பிறகு யாரையும் நியமிக்கவில்லை. நான் மாதிரியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சிறகு நரம்புகளை எண்ணத் தொடங்கினேன். அவர் என் தோளைத் தட்டி, “முதலில் முகத்தைப் பாருங்கள்” என்றார். திருப்பினேன். தாடைகளுக்கு மேலே வட்டமான ஒரு குழி. பிராகோனிடேயில் ஒரு பெரிய பிரிவுக்கே அடையாளமான குழி அது. என் குளவிகளின் பிரிவில் அது கிடையாது. பெயர்ச் சீட்டில் இருந்த பேரினத்திலும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் என்று நான் நினைத்து அழைத்து வந்தது வேறு ஊர்க்காரரை. நான்கு ஆண்டுகளாக நான் வரிசையைத்தான் பார்த்திருந்தேன், பூச்சியைப் பார்க்கவே இல்லை. அதை எனக்குக் கண்டுபிடித்துச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மீதி நாட்களில் என் குளவிகளைப் பார்த்ததைவிட அவர் பார்ப்பதைத்தான் அதிகம் பார்த்தேன். எந்தக் கையேட்டிலும் இல்லாத வரிசை அது: முகம், பிறகு வயிற்றின் முதல் வளையம், அதன் பிறகுதான் சிறகு. கிளம்பும் முன் சரியான அடையாளத்தைச் சிறு சீட்டில் எழுதி என் பெயரையும் ஆண்டையும் போடச் சொன்னார். பழைய சீட்டை எடுக்கக் கூடாது; புதியதை அதன் கீழே அதே ஊசியில் குத்த வேண்டும். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பது பூச்சியோடு கூடவே இருக்கும்.

ஜென்பேங்கில் அப்படி முடியாது. பதிவைத் திருத்தும் உரிமை அதைச் சமர்ப்பித்தவருக்கு. இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. வரிசை பழைய பெயரிலேயே இருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு மாநாட்டின் போஸ்டர் அமர்வில் ஒரு மரத்தின் அடியில் அந்தப் பெயரைப் பார்த்தேன். கிளை நீளமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மாணவி, யாராவது கேள்வி கேட்க மாட்டார்களா என்று கையில் பேனாவுடன் காத்திருந்தார். கூட்டம் கலையும் வரை பொறுத்திருந்து, “இந்தப் புறக்குழு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன்.