அக்காவின் முழங்காலும் லிகுரியாவின் படிக்கட்டுகளும்

அக்டோபர் 9, வியாழன். வென்டிமீலியா

பிரான்ஸின் நீஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இத்தாலிக்குள் வந்துவிட்டோம். ஜன்னலுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. நடுவில் தண்டவாளத்துக்கு மட்டும் இடம் விட்டுவைத்த மாதிரி ஒரு கரை. இந்தக் கரையோர மாநிலத்தின் பெயர் லிகுரியா. அதன் மிக உயரமான சிகரம் சக்கரெல்லோ, 2,200 மீட்டர். அது கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் நிற்கிறது. சமவெளி என்று சொல்லிக்கொள்ள இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

பழைய ஊர் ரோயா ஆற்றுக்கு அக்கரையில், குன்றின் மேல். அக்கா அதை அண்ணாந்து பார்த்தாள், பிறகு தன் வலது முழங்காலைப் பார்த்தாள். "இவங்க எல்லாம் ஏன்டீ இப்படி உச்சியில போய்க் கட்டினாங்க?" கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து என்றேன். கரையோரம் வாழ்ந்தால் படகில் வந்து ஆளையே பிடித்துக்கொண்டு போன காலம் அது. "சரி, நான் கீழேயே இருக்கேன். இப்ப யாரும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்க" என்று காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 10, வெள்ளி. டோல்ச்சேயாக்வா

காலையில் வென்டிமீலியாவின் வெள்ளிக்கிழமைச் சந்தை. எல்லை தாண்டி வந்த பிரெஞ்சுக்காரர்கள் கூட்டம். சீஸ், தோல் பை, உள்ளாடை என்று எல்லாம் கிடைக்கிறது. அக்கா ஒரு குடை வாங்கினாள். போதும்.

மதியம் பஸ் பிடித்து நெர்வியா பள்ளத்தாக்கில் டோல்ச்சேயாக்வா. பெயரைப் பிரித்தால் இனிப்புத் தண்ணீர். ஆற்றின் மேல் 15ஆம் நூற்றாண்டுப் பாலம், ஒரே வளைவு, 33 மீட்டர் அகலத்தை ஒரே தாவாகத் தாவுகிறது. 1884இல் ஓவியர் மொனே இங்கே வந்து இதை வரைந்தார். பாலத்தின் முதுகு நடுவில் மேடேறி இறங்குகிறது. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு வந்து நின்றாள். மூச்சு வாங்கியதே தவிர, குறை சொல்லவில்லை.

பாலத்துக்கு இந்தப்பக்கம் போர்கோ, அந்தப்பக்கம் கோட்டையை ஒட்டிய பழைய பகுதி தெர்ரா. தெர்ராவுக்குள் நுழைந்தால் மதியம் இரண்டு மணிக்கே சாயங்காலம். காருஜி என்கிறார்கள் இந்தச் சந்துகளை. இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் வாசற்படியில் ஏறி வழிவிட வேண்டும். தலைக்கு மேலே எதிரெதிர் வீடுகளுக்கு இடையில் கல் வளைவுகள், ஒன்றன் பின் ஒன்றாக. அவற்றின் மேல் அறையும் இல்லை, நடைபாதையும் இல்லை. சும்மா ஒரு வில். "வீட்டுக்கு வீடு தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்குது பாரு" என்றாள் அக்கா. நில நடுக்கத்தில் சுவர்கள் ஒன்றின் மேல் ஒன்று சாயாமல் இருக்கக் கொடுத்த முட்டு என்று சொல்கிறார்கள். நான் அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.

மிக்கெத்தா என்ற இனிப்பு ரொட்டி வாங்கித் தின்றோம். மணப்பெண்ணின் முதல் இரவு தனக்கே என்று சொன்ன டோரியா பிரபுவை ஊர் எதிர்த்து, அந்த வழக்கத்தை ஒழித்த நினைவாகச் சுடுவதாம் (கதைதான்). கோட்டை டோரியாக்களுடையது. இப்போது பாதி இடிபாடு.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று மழை, எங்கும் போகவில்லை. இன்று அப்ரிகாலே என்ற மலையூருக்கு பஸ்ஸில் போவதாகத் திட்டம். ஒரு மணி நேரம் நிறுத்தத்தில் நின்ற பிறகுதான், நான் படித்து வைத்திருந்தது வாரநாள் அட்டவணை என்று தெரிந்தது. தப்பு என்னுடையதுதான். அக்கா புதுக் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

சமாதானத்துக்கு ஃபரினாட்டா. கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். மாவைக் கரைத்து சில மணி நேரம் ஊறவிட்டு, மேலே நுரையை வழித்தெடுத்து, ஈயம் பூசிய அகலமான செம்புத் தட்டில் விரல் பருமனுக்கும் குறைவாக ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். வெளியே வரும்போது மேல்பக்கம் பொன்னிறமாகக் கொப்பளித்து, உள்ளே இன்னும் தளதளவென்று இருக்கிறது. கடைக்காரர் அதை ஒழுங்கில்லாமல் வெட்டிக் காகிதத்தில் போட்டு, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தார். அக்கா ஒரு வாய் வைத்தாள். "பெருங்காயம் மட்டும் போட்டிருந்தா..." என்றாள். கோபம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள். புஸ்ஸானா வெக்கியா

சான்ரேமோவிலிருந்து டாக்ஸி, மேலே ஏறும் பாதை அக்காவுக்கு ஆகாது.

1887 பிப்ரவரி 23, சாம்பல் புதன். முந்தைய இரவு திருவிழாக் கொண்டாட்டம் முடிந்து, விடிந்ததும் விடியாததுமாக ஊர் தேவாலயத்தில் இருந்தபோது பூமி ஆடியது. கூரை வளைவு விழுந்தது. பக்கவாட்டுச் சிற்றாலயங்களுக்குள் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். இந்த ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே காலையில், மலையில் இன்னும் மேலே உள்ள பயார்டோவில், இதே போலத் தேவாலயக் கூரை விழுந்து இருநூறு பேருக்கும் மேல்.

பிழைத்தவர்கள் எல்லாம் 1894இல் கீழே கட்டிய புது ஊருக்கு இறங்கிவிட்டார்கள். பழையது காலி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்கு இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள் குடியேறப் பார்த்தபோது, யாரும் தங்கக்கூடாது என்று அதிகாரிகள் வீடுகளின் மாடிப்படிகளை இடித்துப் போட்டார்கள். 1950களின் கடைசியிலிருந்து ஓவியர்களும் சிற்பிகளும் வந்து, அரசோடு வழக்காடிக்கொண்டே ஊரை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு கடை. பாதிக்கு மேல் சாவிக்கொத்துப் பொம்மை. குறை சொல்லவில்லை, அவர்களும் சாப்பிட வேண்டும்.

தேவாலயத்துக்குக் கூரை இல்லை. உட்சுவரில் சுண்ணாம்பு வேலையில் ஒரு தேவதை, மூக்கு மழையில் கரைந்து போய், இறக்கை மட்டும் மிச்சம். நடுத் தரையில் செடி முளைத்திருக்கிறது. மணிக்கூண்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. அக்கா ரொம்ப நேரம் பக்கவாட்டுச் சிற்றாலயம் ஒன்றின் வளைவுக்குக் கீழே நின்றாள். "இங்கதானே நின்னாங்க" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய். தாட்ஜா, ட்ரியோரா

தாட்ஜாவின் பதினாறு வளைவுப் பாலத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. தாட்ஜாஸ்கா ஆலிவுக்குப் பெயர் கொடுத்த ஊர். மலைச்சரிவு முழுக்கக் காரையில்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், சுவருக்குச் சுவர் ஒரு முழம் மண், அதில் ஆலிவ் மரம்.

ட்ரியோரா 780 மீட்டர் உயரத்தில். 1587இல் பஞ்சம் வந்தது. பழி பெண்கள் மேல் விழுந்தது: சூனியக்காரிகள் என்று. சித்திரவதையில் இசோத்தா ஸ்டெல்லா என்ற அறுபது வயதுப் பெண் இறந்தார். இன்னொருத்தி ஜன்னல் வழியே குதித்தாள். பதின்மூன்று பேரை ஜெனோவாவுக்குக் கொண்டு போனார்கள். இன்று ஊரெங்கும் துடைப்பக்கட்டையில் பறக்கும் கிழவி பொம்மைகள். புஸ்ஸானாவில் சாவிக்கொத்தைப் பொறுத்துக்கொண்டவள் நான். இதை முடியவில்லை.

ஊர்க்கோடியில் கபோட்டினா என்ற இடிந்த வீடு, அந்தப் பெண்கள் கூடினதாகச் சொல்லப்படும் இடம். போகும் வழியில் மேலே மறுபடி அதே வளைவுகள். கறுப்புக் கற்பலகைப் படிகள் மழையில் வழுக்கின. அக்கா ஒரு கையில் குடை, இன்னொரு கை என் தோளில். எண்ணிக்கொண்டே இறங்கினாள், நூற்றுப் பதினாறில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

ட்ரியோரா ரொட்டி ஒன்று வாங்கினோம். வட்டமாக, பழுப்பாக, அடியில் தவிடு ஒட்டியிருந்தது. கடைசி பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அக்கா ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். தவிடு சேலையெல்லாம்.