மூன்றாவது ஆளிடம் கேட்கும் கேள்வி

குடும்ப சிகிச்சைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒருவரைக் கைகாட்டிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். "இவனை எப்படியாவது சரிபண்ணிக் கொடுங்க." சிகிச்சையாளர் அதை அப்படியே வாங்கிக்கொண்டால் 'இவன்' அந்த நிமிடமே வாயை மூடிக்கொள்வான். அதனால் முதல் பத்து நிமிடம் பிரச்சினையைத் தொடாமல், சின்னக் குழந்தை உட்பட எல்லோரிடமும் தனித்தனியே நாலு வார்த்தை பேசிவிட வேண்டும்.

அடுத்து வருவதுதான் உண்மையான வேலை. "ஏன் கத்துகிறீர்கள்?" என்று அப்பாவைக் கேட்டால் சமாதானம்தான் வரும். அதையே மகளிடம் கேளுங்கள்: "அப்பா குரலை உயர்த்தினால் தம்பி என்ன செய்வான்? அப்போது அம்மா?" தம்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவான், அம்மா அவன் பின்னால் போவார், கூடத்தில் தனியாக நிற்கும் அப்பா இன்னும் உரக்கக் கத்துவார். தான் தனியாக நிற்பதை மகள் கவனித்திருக்கிறாள் என்பதே அப்பாவுக்குப் புதுச் செய்தி. பல வீடுகளில் பேச்சு திசை மாறுவது இந்த இடத்தில்தான்.

இத்தாலியின் மிலான் குழு என்ற குடும்ப சிகிச்சையாளர்கள் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் இந்த வட்டக் கேள்விகளை விளக்கினார்கள். நடுநிலைக்கு அவர்கள் வைத்த அளவுகோலும் அதில் உண்டு: சிகிச்சையாளர் யார் பக்கம் என்று கேட்டால் குடும்பத்தால் சொல்ல முடியக்கூடாது.

தவறுவது எங்கே? "யார் சொல்வது சரி?" என்று பிள்ளையிடம் கேட்பதில். அவள் பார்த்ததை மட்டும் கேட்க வேண்டும். தீர்ப்புக் கேட்டால் வீட்டுக்குப் போனதும் அவளுக்குத்தான் திட்டு விழும். "பிடிவாதக்காரன்" போன்ற பட்டங்களையும் அப்படியே விடக்கூடாது. "பிடிவாதம் பிடிக்கும்போது என்ன செய்வான்? முதலில் கவனிப்பது யார்?" என்று செயலுக்கு இறக்க வேண்டும்.

வீட்டில் அடி உதை இருந்தால் இந்த முறையைக் கையில் எடுக்கவே கூடாது. எல்லோருக்கும் பங்கு உண்டு என்ற தொனி அடிவாங்குபவர் மேல் பழியை ஏற்றிவிடும். அவர் உண்மையைச் சொன்னால் அன்றிரவே அடி விழலாம். ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து, முதலில் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும்.

அமர்வு முடிந்ததும் அறிவுரை சொல்லக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வது நல்லது. "அடுத்த முறை வரும்வரை, வீட்டில் நடப்பதில் எது இப்படியே தொடர வேண்டும் என்று கவனித்து வாருங்கள்" என்பது போதும். இடைவெளியும் தேவை. மிலான் குழு மாதம் ஒருமுறைதான் குடும்பங்களைச் சந்தித்தது. கேட்டது வீட்டுக்குள் ஊற அவ்வளவு நாள் பிடிக்கும்.